பதினேழாவது விண்ணப்பதாரி

மேடைக்காக நான் அழுதது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். நான் எழுதிய நாடகத்தைப் பார்த்தே அழுதேன். அதுவும் சிரிப்பு நாடகம். பொதுநோக்கு மண்டபத்தின் பின் கதவில் சாய்ந்து, சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற நேரத்தில், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியால் துடைத்துக்கொண்டு நின்றேன். இருபது வருடமாகத் தேடிய கலை இன்றைக்குக் கைகூடிவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் அந்த நேரம் ஒரு பெண்ணின் அரை ஏக்கர் காணி கைநழுவிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே மேசையில்தான் நடந்தன.

நான் கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவன். வேறு பாடம் சரிவராதவர்கள் வந்து சேருகிற பாடம் அது. படிப்பிக்கிறவரும் அப்படி வந்து சேர்ந்தவர்தான் என்று ஆசிரியர் அறையில் ஒரு கதை உண்டு, நான் மறுத்ததில்லை. வாசிப்புக்கு மட்டும் குறைச்சல் இல்லை. தூர தேசங்களில் யார் யார் திரையைக் கிழித்தார்கள், யார் மேடையை விட்டுத் தெருவுக்கு இறங்கினார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. அவற்றையெல்லாம் இந்தக் கிரவல் றோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிற பொறுப்பு என் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் குறுநாடகத்துக்கு இருக்கிற மவுசு வெளியாருக்கு விளங்காது. மீள்குடியேறிய காலத்தில், தகரக் கொட்டில் எழும்ப முதலே நாடகம் வந்துவிட்டது. மிதிவெடி நாடகம், டெங்கு நுளம்பு நாடகம், கள்ளச் சாராயக் கசிப்பு நாடகம், கை கழுவுகிற நாடகம். எல்லாம் அரை மணித்தியாலம். முதல் இருபது நிமிடம் சிரிப்பு, பிறகு ஒரு சாவு, பிறகு ஒருவர் முன்னுக்கு வந்து நீதி சொல்வார், பிறகு பணிசும் வாழைப்பழமும். நானே மூன்று நுளம்பு நாடகம் எழுதியிருக்கிறேன். மூன்றிலும் நுளம்பைத்தான் கதாநாயகன் என்று சனம் எடுத்துக்கொண்டது; நல்ல வசனமெல்லாம் அதற்குப் போய்விட்டது. வில்லனுக்கு நல்ல வசனம் எழுதிக் கொடுப்பது என் பலவீனம். அந்தப் பலவீனத்துக்கு வேறு ஆள் விலை கொடுப்பார் என்று அப்போது தெரியாது.

ஏன் இவ்வளவு பிரியம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். விடிய விடிய நடக்கிற கூத்தில் இரண்டாவது மணித்தியாலத்தில் மனம் அலையத் தொடங்கும். ராசா தன் பிள்ளையைத் தேடிப் புலம்புகிறபோது, பார்த்துக்கொண்டிருக்கிறவர் தன் பிள்ளையிடம் போய்விடுவார். பிறகு அவர் வருவதில்லை. குறுநாடகம் அதற்கு இடம் வைக்காது. சொந்தக் கவலை ஞாபகத்துக்கு வர முதல் முடிந்துவிடும். மாட்டைப் பிடித்துக் கட்டவும் நேரம் சரியாக இருக்கும். இவ்வளவுதான் அதன் கவர்ச்சி. இதை ஒரு கட்டுரையாக எழுதி அனுப்பினேன். நீளம் கூடிப்போச்சு என்று திருப்பி அனுப்பினார்கள்.

நீதி சொல்கிற நாடகங்கள் எழுதி அலுத்துப்போய், ஒருமுறையாவது என்னுடைய நாடகம் ஒன்றைப் போடவேண்டும் என்று ஆசை வந்தது. காணிக் கந்தோர் பற்றிய நாடகம். ஒரு மேசை, ஒரு உத்தியோகத்தர், முன்னால் ஒரு வரிசை. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கடதாசி குறையும். அவ்வளவுதான் கதை.

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. மேசை, பேனை, கடதாசி மூன்றையும் ஒரே இடத்தில் கண்டால் வரிசை தானாக உண்டாகிவிடும். இடம்பெயர்ந்து இருந்த முகாமில் படித்த பாடம். எதற்கு என்று நின்ற பிறகுதான் கேட்பது. கேட்டுவிட்டு நின்றால் இடம் போய்விடும். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் பை தொங்கும். அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரான விதானையாரின் கடிதம், முகாம் அட்டை எல்லாம் இருக்கும். பாம்பு வந்தாலும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டுதான் ஓடுவார்கள். இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் என் நாடகம் தொடங்கியது. ஒருவன் எதற்கென்று தெரியாமலே வரிசையில் வந்து நிற்பான். நல்ல பகிடி என்று நினைத்தேன்.

உத்தியோகத்தராக நடிக்க, மாவட்டச் செயலகக் கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய ஒருவரைப் பிடித்தேன். வவுனியாவிலிருந்து பஸ் ஏறி ஒத்திகைக்கு வருவார்.

“மாஸ்ரர், இதிலை நான் எங்கை நடிக்கிறது?” என்று முதல் நாளே கேட்டார்.

“நடிக்க வேண்டாம் ஐயா. கந்தோரிலை இருந்த மாதிரியே இருங்கோ.”

“அப்ப ஒரு தேத்தண்ணி சொல்லுங்கோ. அது இல்லாமல் நான் கந்தோரிலை இருந்ததில்லை.”

அவருக்காக நான் எழுதிய கடைசி வசனம் இது: “கடிதம் வரும். கடிதம் வந்தால் மட்டும் வாங்கோ. அதுக்கு முதல் வந்தீங்கள் எண்டால் உங்கடை பைல் அடியிலை போயிடும்.” இந்த மூன்று வாக்கியத்துக்கு மூன்று நாள் எடுத்தது. ஒத்திகையில் அவர் அதைச் சொன்னபோது, எழுதினது போலவே இருக்கவில்லை. எனக்குப் புல்லரித்தது. “இது நீங்கள் எழுதினதோ? நான் தினம் சொன்னதெல்லோ” என்றார். அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

என் முட்டாள்தனம் இத்துடன் நின்றிருக்கலாம். ஆனால் நான் வாசித்தவன். திரை வேண்டாம், மேடை வேண்டாம், மண்டபத் தரையில் மேசையைப் போடுவோம், நடிகர்கள் சனத்தோடு சனமாக இருந்து எழும்பி வரட்டும் என்றேன். நாடகம் எப்போது தொடங்கியது என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. நகரத்தில் “கிடைக்கப் பெற்றது” என்று ஒரு றப்பர் முத்திரையும் வெட்டுவித்தேன். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கப் போனவரிடம், நாடகம் என்ற சொல் வாயில் வரக்கூடாது, ‘காணி சம்பந்தமான ஒரு நிகழ்வு’ என்று மட்டும் சொல்லுங்கோ என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

மனைவி கேட்டா: “நாடகம் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போடும்?”

“அதுதான் கலை. உமக்கு விளங்காது.”

“பொய் சொல்லிச் சனத்தைக் கூப்பிடுறதோ? அது விளங்குது.”

சனிக்கிழமை பின்னேரம் நாலு மணி. மண்டபம் நிறைந்த சனம். வரிசையில் முதலில் வந்தவர் எங்கள் உழவு இயந்திர மெக்கானிக். அவரைக் கண்டதும் ஊர் சிரிக்கத் தொடங்கிவிட்டது. நாடகம் என்பது அந்த நிமிடமே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. என் புரட்சி அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆனால் சிரிப்பு நன்றாக இருந்ததால் நான் கவலைப்படவில்லை. இலக்கத்தைப் பதினாலிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தேன். முதலாவது ஆள் என்றால் கந்தோர் மாதிரி இராது. பதினாலு, பதினைந்து, பதினாறு. என் நடிகர்கள் மூவரும் ஒவ்வொரு கடதாசி இல்லாமல் திரும்பிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் கைதட்டல். நாடகம் முடிய ஒரு நிமிடம் இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் உள்ளே வந்தார். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சேட்டு, கூலி வேலையால் நேரே வந்த கோலம். ஐம்பது வயதைத் தாண்டியவர். கையில் மஞ்சள் பிளாஸ்ரிக் பை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

செருப்பைக் கழற்றியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் நடிகர்கள் மூவரும் செருப்போடுதான் போனார்கள். கந்தோருக்குப் போவதுபோல நடிக்கிறவன் செருப்பைக் கழற்றமாட்டான். உண்மையாகப் போகிறவர்தான் கழற்றுவார். அவர் வந்திருப்பது நாடகத்துக்கு அல்ல என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். இதை இங்கே எழுதி வைக்கவேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிறகு நான் பலரிடம் ‘எனக்குத் தெரியாது’ என்றுதான் சொன்னேன்.

“கும்புடுறேன் ஐயா. காணி விசயமாத்தான் வந்தேங்க.”

மண்டபம் வெடித்தது. அவ்வளவு நேரம் சிரித்த சிரிப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

“இருங்கோ அம்மா,” என்றார் எழுதுவினைஞர். கதிரையைக் காட்டினார்.

அவர் நுனியில் இருந்தார். “எங்கப்பா காடு வெட்டின காணிங்க. மலநாட்டுத் தோட்டத்துல, கலவரத்துல அடிச்சு வெரட்டி, லொறியில வந்து எறங்கினப்ப எனக்கு எட்டு வயசு. அன்னையிலேர்ந்து அங்கதான் இருக்கோம். அரை ஏக்கர். பெர்மிட்டு மட்டும் யாரும் தரலீங்க. பெர்மிட்டு இல்லேன்னு வீட்டுத் திட்டத்துலயும் பேர் வரல. தகரத்துக்குள்ளதான் கெடக்கேன்.”

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிரிப்பு. “அச்சொட்டாக் கதைக்கிறா” என்று எனக்கு முன்னால் ஒருவர் சொன்னார்.

“விதானையாற்றை கடிதம் இருக்கோ?”

“இருக்குங்க.”

“வாக்காளர் இடாப்புப் பிரதி?”

“இருக்குங்க.”

“இடம்பெயர முதல் இருந்ததுக்கு ஆதாரம்?”

பழைய பங்கீட்டுக் கூப்பன் மட்டை ஒன்றை எடுத்து விரித்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து, பின்னால் பசை ரேப் ஒட்டியிருந்தது. அதுவும் இருந்தது. எல்லாமே இருந்தன.

எழுதுவினைஞருக்கு வியர்த்தது. என் நாடகத்தில் எல்லோருக்கும் ஒரு கடதாசி குறையும். குறையாத ஆளுக்கு நான் வசனம் எழுதவில்லை. முப்பது வருட உத்தியோகத்திலும் அப்படி ஒருவரைக் கண்டதில்லை என்று பிறகு சொன்னார். பேனையைக் கீழே வைத்துவிட்டு, சனத்தின் தலைகளுக்கு மேலால் பின் கதவில் நின்ற என்னைப் பார்த்தார். என்ன செய்ய என்று கேட்கிற பார்வை.

நான் கையை உயர்த்தினேன். நடத்துங்கோ என்று காட்டினேன்.

அவர் கடதாசிகளை வாங்கி அடுக்கினார். பதினேழு என்று ஒரு துண்டில் எழுதி, முத்திரையைக் குத்தி, அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். பிறகு, வேறு வழியில்லாமல், எழுதிக் கொடுத்ததைச் சொன்னார்: “கடிதம் வரும். கடிதம் வந்தால் மட்டும் வாங்கோ. அதுக்கு முதல் வந்தீங்கள் எண்டால் உங்கடை பைல் அடியிலை போயிடும்.”

“சரிங்க ஐயா. வரமாட்டேங்க.”

சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் அந்தத் துண்டை சேட்டின் மார்புப் பைக்குள் வைத்து, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். நான் அழுதது அப்போதுதான். வாழ்க்கைக்கும் நாடகத்துக்கும் நடுவில் இருந்த சுவர் என் கண்முன்னே விழுந்துவிட்டதாம்.

முடிந்த பிறகு ஒவ்வொருவராக வந்து கை குடுத்தார்கள். “சேர், கடைசியா வந்த அக்காதான் கலக்கினது. எங்கை பிடிச்சனீங்கள் அவாவை?” என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். மறுத்துச் சொல்லவில்லை. எழுதுவினைஞர் மட்டும் கடதாசிக் கட்டை என்னிடம் தந்து, “மாஸ்ரர், இதை அந்த அம்மாட்டைத் திருப்பிக் குடுத்து விசயத்தைச் சொல்லுங்கோ. நீட்டின கடதாசியை வாங்காமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை, அதுதான்” என்றார். ஓம், நாளைக்கே குடுக்கிறன் என்றேன். முத்திரை, தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு பெட்டிக்குள் போட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றினேன். அந்தக் கிழமை முழுக்கப் பாராட்டு வாங்குவதிலேயே போயிற்று.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஓட்டோ ஒலிபெருக்கியோடு எங்கள் வீதியால் போனது. அதே மண்டபத்தில், உத்தியோகத்தர்கள் நேரில் வந்து காணி விசயங்களை விசாரிக்கிற உண்மையான காணிக் கச்சேரி; பெர்மிட் இல்லாதவர்கள் எல்லோரும் கடதாசிகளோடு வரவும். வகுப்பில் நின்று கேட்டேன். எங்கள் அறிவிப்பில் குரல் இதைவிட நன்றாக இருந்தது என்று நினைத்தேன். அந்தப் பெட்டி நினைவுக்கு வரவில்லை.

அதற்கும் ஒரு மாதம் கழித்து, அலுமாரி துடைத்த மனைவி கடதாசிக் கட்டோடு வந்து நின்றா.

“இஞ்சருங்கோ, இது உங்கடை நாடகக் கடதாசியோ? விதானையாற்றை ஒறிஜினல் கடிதம் கிடக்கு. கூப்பன் மட்டையும் கிடக்கு. இது ஆற்றை?”

கடிதத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கிராமத்தின் கடைசி, யானை வேலிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில். ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தவர் என்னையும் கையில் இருந்த கடதாசிகளையும் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“வாங்க சேர். கடிதம் வந்திருச்சுங்களா?”

“அக்கா, போன மாதம் காணிக் கச்சேரி நடந்ததெல்லோ? போகேல்லையா?” என்று கேட்டேன்.

“எப்பிடிங்க போறது? கடிதம் வராம வந்தா பைலு அடியில போயிரும்னு அந்த ஐயா சொன்னாருங்களே. பக்கத்து வீட்டுப் புள்ள வந்து கூப்பிட்டுச்சு. நான் ஏற்கனவே குடுத்தாச்சு, நம்பர் பதினேழுன்னு சொல்லி அனுப்பிட்டேன். அந்தப் பக்கமே தல காட்டல.”

நின்ற இடத்திலேயே சொன்னேன். அது நாடகம், அவர் உத்தியோகத்தர் இல்லை, இளைப்பாறியவர், மேசைகூட மாதர் சங்கத்து மேசை என்று சம்பந்தமில்லாத விவரமெல்லாம் சொன்னேன். வகுப்பில் அரங்கக் கொள்கையை விளங்கப்படுத்துகிற அதே குரல் வந்தது, எனக்கே கேட்டது. அவர் குழையைக் கட்டி முடித்து, கயிற்றை இழுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

ஏதாவது ஒரு பங்கை அவர் தலையிலும் கட்டிவிடலாம் என்றோ என்னவோ, கேட்டேன்: “சனம் அவ்வளவு சிரிச்சதே அக்கா, அது உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

“கேட்டுச்சுங்க. ஆபீசுல நான் வாயத் தொறந்தா எப்பவும் சிரிப்பாங்க சேர். எங்க பேச்சு அப்பிடி.”

வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். சாப்பிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பை மறுபடி காதில் ஓட்டிப் பார்த்தேன். மண்டபம் வெடித்தது என் வசனத்துக்கு அல்ல. ‘கும்புடுறேன்’ என்ற ஒரு சொல்லுக்கு. நாற்பது வருடத்துக்கு மேலாக எங்களோடு கிடந்து, எங்களோடு ஓடி, எங்களோடு திரும்பி வந்த ஒருவரின் வாயிலிருந்து வந்த பேச்சு, ஊருக்கு இன்னும் பகிடியாகத்தான் இருக்கிறது. இதைத்தான் நான் அரங்கின் வெற்றி என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்து நின்றேன். கையை உயர்த்திக் காட்டியது பாராட்டு நிற்கக்கூடாது என்பதற்காக.

அடுத்த கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு காணிக் கந்தோருக்குப் போனேன். பொறுப்பான உத்தியோகத்தர் என்னைக் கண்டதும் எழும்பினார்.

“வாங்கோ சேர், வாங்கோ! உங்கடை நாடகம் வட்ஸ்அப்பிலை வந்தது. நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். அப்பிடியே எங்களைத்தான். சிரிச்சுச் செத்துப்போனம்.”

ஒரு கணம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொய் சொல்லப்போவதில்லை, இருந்தது. எனக்குக் கதிரை போட்டார்கள். பக்கத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தார். அது எனக்கு உறைக்க நேரமெடுத்தது. நானும் எழுந்து நின்றேன். இரண்டு பேரும் நின்றதால் உத்தியோகத்தருக்கு அவசரம் என்று பட்டிருக்கவேண்டும்.

விசயத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். “பட்டியல் மேலிடத்துக்குப் போயிட்டுது சேர். இனி மேன்முறையீடுதான். வராததுக்குக் காரணம் எழுதவேணும்.”

“நடந்ததை எழுதட்டோ?”

“நாடகத்தை நம்பி வராமல் விட்டா எண்டோ? மேலை இருக்கிறவை என்னைப் பற்றி என்ன நினைப்பினம்? சுகமில்லை எண்டு போடுங்கோ.”

அந்த மேன்முறையீட்டை நான்தான் எழுதினேன். கடும் காய்ச்சல் காரணமாகக் கச்சேரிக்குச் சமுகமளிக்க முடியவில்லை. மூன்று நுளம்பு நாடகம் எழுதியவனுக்குக் காய்ச்சல் எழுதுவது கஷ்டமில்லை. அவர் கீழே கையெழுத்து வைத்தார். கடதாசிகளை வாங்கிக்கொண்டார்கள். இதை எழுதுகிற இன்றுவரை பதில் இல்லை. நடுவில் நாலு தடவை போய்க் கேட்டுவிட்டேன். இப்போது என்னைக் கண்டால் யாரும் எழும்புவதில்லை.

கந்தோரால் வெளியே வந்தபோது பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தோம். அவர் தேத்தண்ணியைச் சாசருக்கு ஊற்றி ஆற்றினார். வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல என் பக்கம் திரும்பினார்.

“சேர், அந்த நாடகத்துல நீங்க யாரா வந்தீங்க? நான் பாக்கவே இல்லையே.”

“நான் நடிக்கேல்லை அக்கா. எழுதினது நான்தான்.”

“என்னத்தங்க எழுதுனீங்க?”

“அவை கதைச்சதெல்லாம். வரிசையிலை நிண்டவை கதைச்சது, அந்த ஐயா கதைச்சது, எல்லாம் நான் எழுதிக் குடுத்ததுதான்.”

அவர் சாசரைக் கீழே வைத்தார்.

“அதுவாங்க? அது எல்லா ஆபீசுலயும் சும்மாவே பேசுறாங்களே. அதப் போய் எதுக்குங்க எழுதணும்?”